மாதிரி விலங்கும் மனித நோயும்: ஹெர்பஸ் தடுப்பூசி ஆய்வில் ‘பாதுகாப்பு’ என்னும் சொல்

மருத்துவ அறிவியலைத் தமிழில் எழுத முற்படுவோர்க்கு அருஞ்சொற்களால் வரும் இடரைவிட எளிய சொற்களால் வரும் இடரே மிகுதி. ‘விலங்கு மாதிரி’ என்று எழுதினால், இரத்த மாதிரி, சிறுநீர் மாதிரி என்பன போல ஆய்வகத்திற்கு எடுத்தனுப்பும் ஒரு சிறு கூறு என்று படிப்பவர் கொள்ளக்கூடும். ‘மாதிரி விலங்கு’ என்று மாற்றினாலோ, மாதிரிப் பள்ளி, மாதிரிப் பண்ணை என்னும் வழக்குகளின் சாயல் வந்து சேர்ந்து, பிறர் பின்பற்றத்தக்க விலங்கு என்னும் வேடிக்கையான பொருள் தோன்றும். கருதப்படும் பொருள் இவ்விரண்டும் அன்று. மனித நோய் ஒன்றை முழுமையாகவோ அதன் போக்கில் ஒரு பகுதியை மட்டுமோ தன் உடலில் நிகழ்த்திக் காட்டும் விலங்கு என்பதே பொருள். ‘ஒரு பகுதியை மட்டுமோ’ என்னும் தொடரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரை பெரும்பாலும் அதன் விரிவே. குறை இருப்பினும் ‘மாதிரி விலங்கு’ என்னும் தொடரே இங்கு ஆளப்படுகிறது.

இதனினும் பெரிய இடர் செய்யும் சொல் ‘பாதுகாப்பு’. தடுப்பூசி விலங்குகளுக்கு முழுப் பாதுகாப்பு அளித்தது என்று ஒரு செய்தி வருகிறது. சில ஆண்டுகள் கழித்து அதே தடுப்பூசி மனிதரிடம் பயன் தரவில்லை என்று இன்னொரு செய்தி வருகிறது. இரண்டும் உண்மையாயின் நடுவில் நிகழ்ந்தது என்ன? இவ்வினாவை ஹெர்பஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராயலாம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விலங்குகளில் ஆராயப்பட்டும் இதற்கு இன்றுவரை ஏற்பளிக்கப்பட்ட தடுப்பூசி ஒன்றும் இல்லை.

1. ஊரும் நோய்

ஹெர்பஸ் என்பது ஊர்தலைக் குறிக்கும் கிரேக்க வினையடியிலிருந்து பிறந்த பெயர். தமிழ் மக்கள் வழக்கில் ‘அக்கி’ என்பது இக்குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு வைரஸால் வருவது. சின்னம்மையை உண்டாக்கும் அவ்வைரஸ் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கிளர்ந்து, உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்களை எழுப்புகிறது. குயவரிடம் சென்று காவி குழைத்து ‘அக்கி எழுதும்’ வழக்கம் இதற்கே உரியது. ஹெர்பஸ் சிம்ப்ளக்ஸ் இதற்கு உறவு, எனினும் வேறு. அதன் முதல் வகை பெரும்பாலும் உதட்டோரத்திலும் சில வேளை கண்ணிலும், இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் புண்களை உண்டாக்கும். முதல் வகையும் பிறப்புறுப்பில் நோய் செய்யலாம். மேலை நாடுகளில் அவ்வாறு செய்வது பெருகிவருகிறது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020-இல் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 380 கோடிப் பேரிடம் முதல் வகையும், 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 52 கோடிப் பேரிடம் இரண்டாம் வகையும் இருந்தன. பெரும்பாலோர்க்குத் தம்மிடம் அது இருப்பதே தெரியாது. ஆயினும் இதனைச் சிறு நோயென்று ஒதுக்குவதற்கில்லை. மகப்பேற்றின்போது தாயிடமிருந்து தொற்றினால் குழந்தையின் உயிருக்கே இடர் நேரலாம். கண்ணைத் தாக்கினால் பார்வை மங்கும். இரண்டாம் வகை உள்ளோர்க்கு எய்ட்ஸ் வைரஸ் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய மும்மடங்காகிறது. தடுப்பூசி தேடப்படுவதற்கு இக்கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

இவ்வைரஸின் தனித்தன்மை அதன் உறங்குநிலை. தோலில் புண் உண்டாக்கிய பின், உணர்வு நரம்பின் இழை வழியாக உள்ளே ஏறி, முதுகுத்தண்டை அடுத்தோ முகநரம்பின் வேரிலோ உள்ள நரம்பு முடிச்சில் தங்கிவிடுகிறது. அங்கே ஏறத்தாழ ஓசையின்றிக் கிடக்கிறது. பின்னர் எப்போதாவது விழித்து, வந்த வழியே இறங்கித் தோலில் வெளிப்படுகிறது. வெளிப்படும்போதெல்லாம் புண் தோன்றவேண்டும் என்பதில்லை. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டாம் வகை உடையோர் நாள்தோறும் தாமே பஞ்சுக்குச்சியால் எடுத்தனுப்பிய கூறுகள் சோதிக்கப்பட்டன. நோய்க்குறி கண்டவர்களிடம் ஏறக்குறைய 20 விழுக்காட்டு நாள்களிலும், நோய்க்குறியே அறியாதவர்களிடம் ஏறக்குறைய 10 விழுக்காட்டு நாள்களிலும் வைரஸ் கசிந்துகொண்டிருந்தது. புண்ணில்லாத நாளிலும் தொற்று பரவும் என்பதற்கு இதுவே விளக்கம்.

ஆகவே ‘பாதுகாப்பு’ என்னும் ஒரே சொல்லுக்குள் இங்கே குறைந்தது நான்கு பொருள்கள் அடங்கிக் கிடக்கின்றன: புண் வாராமை, தொற்றே வாராமை, வைரஸ் நரம்பு முடிச்சை அடையாமை, அடைந்தாலும் கசியாமை. ஒன்று கைகூடினால் மற்றவை கைகூடும் என்பதில்லை.

2. முயலும் சுண்டெலியும் கினிப்பன்றியும்

இந்நோய் தொற்றக்கூடியது என்பதை ஐயமறக் காட்டியதில் முயலின் கண்ணுக்குப் பெரும்பங்குண்டு. 1910-களில் ஜெர்மானியக் கண்மருத்துவர் வில்ஹெல்ம் குரூட்டர், மனிதக் கண்ணின் முன்படலத்தில் இருந்த புண்ணிலிருந்து எடுத்ததை முயலின் கண்ணில் இட்டு அங்கும் நோயை உண்டாக்கினார். 1919-இல் லோவன்ஸ்டைன் உதட்டுக் கொப்புளத்து நீரைக் கொண்டும் அவ்வாறே செய்து காட்டினார். 1920-களில் அமெரிக்க நோய்க்கூற்றியல் அறிஞர் குட்பாஸ்ச்சர், முயல்களில் இது நரம்பு வழியே பயணம் செய்வதைக் கண்டு, நரம்பு முடிச்சில் இது தங்கக்கூடும் என்னும் கருத்தை முன்வைத்தார். அக்கருத்து மெய்ப்பிக்கப்பட அரை நூற்றாண்டாயிற்று. 1971-இல் கலிபோர்னியாவில் ஸ்டீவன்ஸும் குக்கும் சுண்டெலியின் உள்ளங்காலில் வைரஸைச் செலுத்தினர். நோய் தணிந்து வாரங்கள் கடந்த பின் முதுகுத்தண்டு நரம்பு முடிச்சுகளை எடுத்துப் பார்த்தபோது நேரடியாக வைரஸ் எதுவும் அகப்படவில்லை. அம்முடிச்சுகளை வளர்ப்பூடகத்தில் வைத்தபோது வைரஸ் மீண்டும் எழுந்தது. உயிருள்ள மனிதரிடம் செய்யவொண்ணாத ஆய்வு இது.

சுண்டெலி மலிவானது, மரபு சீரானது. அதன் நோயெதிர்ப்பு மண்டலத்தை அணுவணுவாக அளக்கக் கருவிகள் மிகுதி. ஆனால் வளர்ந்த பெண் சுண்டெலியின் பிறப்புறுப்புப் பாதையில் இவ்வைரஸ் எளிதில் தொற்றுவதில்லை. முதலில் புரோஜெஸ்டிரான் வகை ஹார்மோன் மருந்தைச் செலுத்தி அப்பாதையின் மேற்படலத்தை மெலியச் செய்யவேண்டும். அதன்பின் தொற்றும் நோய் கடுமையாகிப் பெரும்பாலும் பக்கவாதத்திலும் மரணத்திலும் முடிகிறது. பிழைத்த சுண்டெலிக்கோ மனிதரைப் போல நோய் தானாக மீண்டும் மீண்டும் வருவதில்லை. எந்த இனச் சுண்டெலி என்பதும் விடையை மாற்றும். ஓர் இனம் தாக்குப்பிடிக்கும் அளவில் இன்னோர் இனம் மடியும் என்பது 1970-களிலேயே அறியப்பட்டது. மனிதரிடம் அரிதாகவே கொல்லும் ஒரு நோயை, கொல்லும் நோயாக மாற்றி, அதிலிருந்து பிழைத்தலைப் பாதுகாப்பு என்று எண்ணிக் கணக்கிடுகிறோம் என்பதை இங்கே மறந்துவிடலாகாது.

கினிப்பன்றி பன்றியுமன்று, கினி நாட்டதுமன்று. தென்னமெரிக்கக் கொறிவிலங்கு. எனினும் பிறப்புறுப்பு ஹெர்பஸ் நோயின் போக்கை இதைவிட அணுக்கமாகக் காட்டும் சிறுவிலங்கு வேறில்லை எனலாம். 1982-இல் ஸ்டான்பெரியும் உடனுழைத்தோரும் இதனை விரிவாக வருணித்தனர். ஹார்மோன் மருந்து வேண்டியதில்லை. வைரஸை இட்ட சில நாள்களில் கொப்புளங்கள் எழுகின்றன, புண்ணாகின்றன, ஏறக்குறைய இரு வாரங்களில் ஆறுகின்றன. பின்னர் எத்தூண்டுதலும் இன்றித் தாமாகவே மீண்டும் தோன்றுகின்றன. ஆய்வாளர் நாள்தோறும் ஒவ்வொரு விலங்கையும் பார்த்துச் சிவப்பு, சில கொப்புளம், பல கொப்புளம், புண் எனப் படிநிலைக்கேற்ப மதிப்பெண் இடுகின்றனர். குறையும் உண்டு. சுண்டெலிக்கு இருப்பது போன்ற நோயெதிர்ப்பியல் கருவிகள் இவ்விலங்குக்கு மிகக் குறைவு. ஆகவே தடுப்பூசி வேலை செய்தது என்று கினிப்பன்றி சொல்லும், எவ்வாறு செய்தது என்று சொல்லத் திணறும்.

குரங்குகளை நாடினால் என்ன என்று கேட்கலாம். மனிதனுக்கு நெருங்கிய உறவு என்பதால் நம்பகமான விடை கிடைக்கும் என்று தோன்றும். ஹெர்பஸ் குடும்பத்தில் அவ்வெண்ணம் அடியோடு சறுக்குகிறது. மனிதனிடம் சிறு கொப்புளத்தோடு அடங்கும் இதே வைரஸ், ஆந்தைக் குரங்கு, மார்மோசெட் முதலிய தென்னமெரிக்கக் குரங்குகளைக் கொன்றுவிடுகிறது. மறுபுறம், நம் நாட்டு ரீசஸ் குரங்கிடம் வாய்ப்புண்ணோடு நின்றுவிடும் அதன் சொந்த ஹெர்பஸ் வைரஸ், மனிதனைத் தொற்றினால் மூளையழற்சியை உண்டாக்குகிறது. 1932-இல் குரங்கு கடித்து இறந்த ஓர் இளம் மருத்துவரிடமிருந்தே அது முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. ‘பி வைரஸ்’ என்னும் பெயர் அவர் பெயரின் முதலெழுத்திலிருந்து வந்ததாகும். இவ்வைரஸ்கள் தத்தம் ஓம்புயிரியோடு நெடுங்காலம் ஒத்து வாழ்ந்து பழகியவை. புதிய உடலில் அவ்வொழுங்கு குலைகிறது.

3. மருந்து தந்த நம்பிக்கை, தடுப்பூசி தந்த ஏமாற்றம்

விலங்காய்வு இந்நோயில் பயனற்றது என்று சொல்வது நேர்மையாகாது. 1962-இல் கௌஃப்மன் முயலின் கண்ணில் ஐடாக்ஸ்யூரிடின் என்னும் மருந்து ஹெர்பஸ் புண்ணை ஆற்றுவதைக் காட்டினார். மனிதக் கண்ணிலும் அது பயன்பட்டது. பின்னர் வந்த அசைக்ளோவிர் விலங்குகளில் காட்டிய ஆற்றலை மனிதரிடமும் காட்டியது. காரணம் வெளிப்படை. இம்மருந்துகள் வைரஸின் பெருக்கத்தையே தாக்குகின்றன. அசைக்ளோவிர் வேலை செய்யத் தொடங்க வைரஸின் சொந்த நொதி இன்றியமையாதது. அந்நொதி எவ்வுடலில் இருந்தாலும் அதே நொதிதான். தடுப்பூசியோ வைரஸைத் தொடுவதில்லை. உடலைப் பயிற்றுகிறது. பயிற்றப்படும் உடல் மாறினால் பயிற்சியின் பயனும் மாறக்கூடும்.

மாறியது. வைரஸின் உறையில் உள்ள டி என்னும் சர்க்கரைப்புரதம் உயிரணுவினுள் நுழைய இன்றியமையாதது. ஆகவே அதையே தடுப்பூசியாக்கினர். ஒரு நிறுவனத்தின் தடுப்பூசியில் அதனுடன் பி என்னும் புரதமும் துணையூக்கியும் சேர்க்கப்பட்டிருந்தன. விலங்குகளில் நற்பயன் கண்ட பின் 2393 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. 1999-இல் வெளியான முடிவின்படி மொத்தத் தடுப்புத்திறன் 9 விழுக்காடு. முதல் ஐந்து மாதங்களில் தொற்று பாதியாகக் குறைந்தது போலத் தோன்றிப் பின்னர் அவ்வேறுபாடும் மறைந்தது. இத்தனைக்கும் ஊசி பெற்றோரின் குருதியில் வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள்கள் நிறைந்தே இருந்தன.

டி புரதம் ஒன்றையே வேறொரு துணையூக்கியுடன் சேர்த்த இரண்டாவது தடுப்பூசியின் கதை இன்னும் நுட்பமானது. கினிப்பன்றிகளில் அது முதல் நோயை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்தது. தொற்றை முழுமையாகத் தடுக்கவில்லை. இந்த இரண்டாம் வாக்கியம் அக்காலச் செய்திகளில் முதல் வாக்கியத்தின் நிழலில் மறைந்துவிட்டது. 2002-இல் வெளியான மனித ஆய்வுகளில், இரு வகை வைரஸும் முன்பு தொற்றாத பெண்களிடம் நோய் 73, 74 விழுக்காடு குறைந்தது. ஆண்களிடமும், முதல் வகை ஏற்கெனவே தொற்றியிருந்த பெண்களிடமும் பயனே இல்லை. பிறப்புறுப்பு ஹெர்பஸ் ஆய்வுகள் பெரும்பாலும் பெண் விலங்குகளில், அதுவும் முன்பு எத்தொற்றும் காணாத விலங்குகளில் செய்யப்படுபவை. மனித ஆய்வில் வெளிப்பட்ட அவ்விரு வேறுபாடுகளையும் முன்னறிவிக்கும் வாய்ப்பே அவற்றுக்குத் தரப்படவில்லை.

பயன் கண்ட குழுவை மட்டும் தேர்ந்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் 18 முதல் 30 வயது வரையுள்ள, எவ்வகையும் தொற்றாத 8323 பெண்களிடம் பேராய்வு ஒன்று நடந்தது. முடிவு 2012-இல் வெளியாயிற்று. இரண்டாம் வகைக்கு எதிராகப் பயன் இல்லை. ஆனால் முதல் வகையால் வரும் பிறப்புறுப்பு நோய் 58 விழுக்காடு குறைந்தது. ஊசியில் இருந்ததோ இரண்டாம் வகையின் புரதம். எதிர்பாராத இவ்விடைக்கு எந்த விலங்கும் குறிப்புத் தந்திருக்கவில்லை.

4. வைரஸ் கற்ற பாடம் மனிதரிடம் கற்றது

ஏன் இவ்வாறு? விலங்குக்கு ஒரே வேளையில், ஆய்வகத்தில் வளர்த்த வைரஸைப் பெரும் அளவில், ஊசியிட்ட சில வாரங்களில் செலுத்துகிறோம். மனிதர்க்கோ அளவு தெரியாத தொற்று, ஆண்டுகள் கழித்து, பன்முறை வாய்க்கிறது. இக்காரணம் பொதுவானது, பிற நோய்களுக்கும் பொருந்தும். ஹெர்பஸுக்கே உரிய காரணம் இன்னும் ஆழமானது.

இவ்வைரஸ் மனிதனின் நோயெதிர்ப்பை ஏமாற்றும் கருவிகளைத் தன்னோடு கொண்டுவருகிறது. தொற்றிய உயிரணு, தன்னுள் இருக்கும் வைரஸ் புரதத்தின் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். அதைக் கண்டு டி-அணுக்கள் அவ்வுயிரணுவை அழிக்கும். துணுக்குகளை உரிய இடத்திற்கு ஏற்றிச்செல்லும் ஒரு வாயிலை இவ்வைரஸின் சிறு புரதம் ஒன்று அடைத்துவிடுகிறது என்பது 1995-இல் வெளிப்பட்டது. மனித வாயிலை அது இறுக அடைக்கிறது. சுண்டெலியின் வாயிலை மிகப் பலவீனமாகவே அடைக்கிறது. அதுபோல, வைரஸின் மேலுள்ள ஈ என்னும் புரதம், தன்னைத் தாக்க வரும் மனித எதிர்ப்பொருளின் அடிப்பகுதியைப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. சுண்டெலியின் எதிர்ப்பொருள் அப்பிடியில் அகப்படுவதில்லை. சுண்டெலியில் போரிடும் வைரஸ், கையில் இருந்த படைக்கலங்களுள் சிலவற்றைக் கீழே வைத்துவிட்டுப் போரிடுகிறது. அங்கே தடுப்பூசி வெல்வது வியப்பன்று.

இதற்கு மறுதலையான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. முன்னர்ச் சொன்ன அக்கி வைரஸ் மனிதனுக்கே உரியது. அதன் நோயை உள்ளபடி காட்டும் சிறுவிலங்கு அரிது. ஆயினும் தடுப்பூசி வந்தது அதற்குத்தான். 1974-இல் ஜப்பானில் தகஹாஷி சின்னம்மை வைரஸை மனித அணுக்களிலும் கினிப்பன்றிக் கருவின் அணுக்களிலும் பலமுறை வளர்த்து வலுக்குறைத்தார். கினிப்பன்றி இங்கே நோயாளியாக அன்றி வெறும் வளர்நிலமாகப் பயன்பட்டது. அக்கிக்கான புதிய புரதத் தடுப்பூசி 2015-இல் வெளியான பேராய்வில் 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் 97 விழுக்காடு பயன் தந்தது. அவ்வெற்றிக்குக் காரணம் விலங்கின்மை என்று கூற வரவில்லை. அவ்வைரஸ் பெரும்பாலோரிடம் வாழ்நாளில் ஓரிருமுறையே மீண்டெழுவது. ஹெர்பஸ் சிம்ப்ளக்ஸ் ஓயாமல் எழுவது. எனினும் மாதிரி விலங்குகள் மலிந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை, அரிதான நோய்க்கு உண்டு என்பது சிந்திக்கத்தக்கது.

5. அளவைகள் மாறுகின்றன

2012-க்குப் பின் விலங்காய்வுகள் கைவிடப்படவில்லை. அவற்றிடம் கேட்கும் வினாக்கள் மாறின. புண்ணுக்கு மதிப்பெண் இடுவதோடு நில்லாமல், நரம்பு முடிச்சில் வைரஸின் மரபுப்பொருள் உளதா, புண் ஆறிய பின் எத்தனை நாள் கசிகிறது என்றும் எண்ணத் தொடங்கினர். எதிர்ப்பொருளை மட்டும் நம்பாமல், டி-அணுக்களைத் தொற்று நுழையும் இடத்திலேயே குடியமர்த்தும் முயற்சியும் எழுந்தது. 2012-இல் ஷின், இவசாகி ஆகியோர் சுண்டெலிக்கு ஊசியிட்டபின் பிறப்புறுப்புப் பாதையில் ஈர்ப்புப் பொருளைத் தடவி அவ்வணுக்களை அங்கே வரவழைத்துக் காட்டினர். 2015-இல் நியூயார்க் ஆய்வாளர் டி புரதத்தையே நீக்கிய வைரஸைத் தடுப்பூசியாக்கிச் சுண்டெலிகளைக் காத்தனர். இருபதாண்டுகள் எதை நம்பினார்களோ அதையே எடுத்தெறிந்து பெற்ற விடை இது. மனிதரிடம் இது செல்லுமா என்பது வேறு வினா.

ஏற்கெனவே தொற்றியோர்க்கான சிகிச்சைத் தடுப்பூசிகளில் ஒன்று மனிதரிடம் கசிவை ஓரளவு குறைத்தும் 2017-இல் கைவிடப்பட்டது. மற்றொன்று, எதிர்பார்த்த பயனை எட்டவில்லை என்று 2024-இல் அதன் நிறுவனமே அறிவித்தது.

2019-இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வை இறுதியாகக் காணலாம். அவர்கள் டி புரதத்துடன், வைரஸ் ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தும் சி, ஈ என்னும் இரண்டையும் சேர்த்தனர். கேடயத்தையும் இலக்காக்கும் முயற்சி அது. ஒரு குழுவுக்குப் புரதமாகவும், மற்றொரு குழுவுக்குத் தூது ஆர்.என்.ஏ. வடிவிலும் தந்தனர். புண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம். சுண்டெலியிலும் கினிப்பன்றியிலும் இரண்டுமே புண்ணை முற்றிலும் தடுத்தன. பழைய அளவையில் ஆய்வு அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் மேலும் பார்த்தனர். ஆர்.என்.ஏ. பெற்ற 64 சுண்டெலிகளில் 63-இல் பிறப்புறுப்புப் பாதையில் வைரஸ் வளரவில்லை. புரதம் பெற்ற குழுவில் அவ்வளவு நிறைவு இல்லை. கினிப்பன்றிகளில் புரதம் பெற்ற 10-இல் 5 விலங்குகள், எண்ணப்பட்ட 210 நாள்களில் 19 நாள் வைரஸின் மரபுப்பொருளைக் கசியவிட்டன. ஆர்.என்.ஏ. பெற்ற 10-இல் 2 விலங்குகள் 5 நாள் கசியவிட்டன.

இம்முடிவைத் தமிழில் ‘இரு தடுப்பூசிகளும் முழுப் பாதுகாப்பு அளித்தன’ என்று எழுதினாலும் பிழையில்லை; ‘இரண்டும் முழுப் பாதுகாப்பு அளிக்கவில்லை’ என்று எழுதினாலும் பிழையில்லை. புண் தடுப்பு, தொற்றுத் தடுப்பு, உறங்குநிலைத் தடுப்பு, கசிவுத் தடுப்பு என நான்காகப் பிரித்து எழுதினால் இம்முரண் தோன்றாது. இவ்வகைத் தடுப்பூசியின் முதற்கட்ட மனித ஆய்வு 2022-இன் இறுதியில் தொடங்கியது. கினிப்பன்றியிடம் 210-க்கு 5 என வந்த அவ்வெண்ணுக்கு அருகே வைத்து நோக்கவேண்டியது, நோய்க்குறி அறியாத மனிதரிடம் பத்து நாளுக்கு ஒருநாள் என்று காணப்பட்ட கசிவை.